மார்மன் நூலும் மாயா அகழாய்வும்: குதிரை, இரும்பு, இஸாபா கல் – எப்படிச் சரிபார்ப்பது?

கேட்டவர்: ஓடைமணல்

1830இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட, மார்மன் சபையின் புனித நூலான மார்மன் நூலில் வரும் நேபியர்கள் (எருசலேமிலிருந்து அமெரிக்கா வந்ததாக நூல் சொல்லும் லேகி என்பவரின் வழிவந்தோர்) மாயா நிலத்தில்தான் (தென் மெக்சிகோ, குவாத்தமாலா வட்டாரம்) வாழ்ந்தார்கள் என்று சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. திரும்பத் திரும்பக் காட்டுவது மூன்று: யுகடான் குகையில் கிடைத்த குதிரை எலும்பு, இஸாபா என்ற பழைய ஊரின் 5ஆம் கல்லில் "லேகியின் கனவு" (நூலில் லேகி வாழ்வின் மரத்தைக் காணும் கனவு), விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி நிலத்தை அளந்த 2018 லைடார் ஆய்வு. இரும்பைப் பற்றிக் கேட்டால் "துருப்பிடித்து மறைந்துவிட்டது" என்கிறார்கள். மதச் சண்டை வேண்டாம். தொல்லியல்காரர் இவற்றை எப்படிச் சோதிப்பார்?

மண்ணடுக்கு:

முதலில் காலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூலின்படி லேகி குடும்பம் எருசலேமை விட்டுக் கிளம்பியது சுமார் கி.மு. 600. கூமோரா போரில் நேபியர் அழிந்தது சுமார் கி.பி. 385. காட்டும் பொருள் இந்த ஆயிரம் ஆண்டுக்குள் விழ வேண்டும். பாதி காணொளிகள் இங்கேயே விழுந்துவிடும்.

குதிரை: அமெரிக்காவின் பூர்விகக் குதிரைகள் பனியுகம் முடிந்தபோது, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின. மறுபடி மெக்சிகோவில் கால் வைத்தது 1519இல், ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸின் கப்பலில். ஆக, தேதி தெரியாத எலும்பு பனியுகத்ததாகவும் இருக்கலாம், ஸ்பானியர் காலத்ததாகவும் இருக்கலாம். யுகடானின் லோல்தூன் குகையில் பானை ஓடுகளோடு குதிரை எலும்பு வந்தது என்பதை வைத்துத்தான் வாதம். குகை மண்ணை எலி தோண்டும், வேர் துளைக்கும், மழைநீர் அரித்துப் புரட்டும். பக்கத்தில் கிடந்த கரித்துண்டின் வயது எலும்பின் வயது ஆகாது.

செய்ய வேண்டியது, எலும்பிலிருந்தே கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்து முடுக்கி நிறை நிறமாலை (AMS) முறையில் ரேடியோகார்பன் தேதி எடுப்பது. பிரித்த கொலாஜனில் கார்பன்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இல்லையென்றால் அந்தத் தேதியை நம்பக் கூடாது. வெப்பமும் ஈரமும் கொலாஜனைச் சிதைத்துவிடுவதால் அந்தப் பகுதி எலும்புகள் பல இந்தக் கட்டத்திலேயே தோற்கும். தோற்ற மாதிரி எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்லாது.

மாயாபான் குதிரைப் பற்களையும் காட்டுவார்கள். அந்த நகரம் செழித்தது கி.பி. 1200 முதல் 1450 வரை. பற்கள் அந்தக் காலத்தவையே என்று வைத்துக்கொண்டாலும் 800 ஆண்டு தாமதம். இன்னொன்று: நூல் சொல்வது குதிரைகளும் தேர்களும் வைத்திருந்த சமூகத்தை. அப்படி வளர்த்த ஊரின் குப்பைமேட்டில் அது தெரியாமல் போகாது. மாயா குப்பைமேடுகளில் வருவது மான், நாய், வான்கோழி, ஆமை.

இரும்பு: துரு வாதம் பாதி சரி. வெட்டுக்கத்தி ஈர மண்ணில் கரையும். ஆனால் தாதுவை உருக்கியவன் விட்டுப்போகும் கசடு கண்ணாடி போன்ற சிலிகேட். அது எளிதில் கரையாது. ஒரு கிலோ இரும்புக்குப் பல கிலோ கசடு விழும். கூடவே சுட்டுச் சிவந்த உலைச்சுவர், துருத்தியின் மண்குழாய். மாயா நிலத்தில் இவை எதுவும் வந்ததில்லை. மேற்கு மெக்சிகோவில் செம்பு வேலை தொடங்குவதே ஏறக்குறைய கி.பி. 600க்குப் பிறகு. மாயாவுக்கு முந்திய ஓல்மெக் நாகரிகக் காலத்து மேக்னடைட் (ஒரு வகை இரும்புத் தாது) முகக்கண்ணாடிகளைக் காட்டி "இரும்பு இருந்தது" என்பார்கள். அவை தாதுக்கல்லைத் தேய்த்து மெருகேற்றியவை, உருக்கியவை அல்ல.

கல்தச்சன்:

இஸாபா பற்றி. தென் மெக்சிகோவின் சியாபாஸில் இருக்கும் அந்த ஊரின் கற்கள் பொதுவாகக் கி.மு. 300 முதல் கி.மு. 50 வரையிலானவை. 5ஆம் கல்லை மார்மன் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெல்ஸ் ஜேக்மன் 1950களில் லேகியின் கனவு என்று வாசித்தார். கல் மிகவும் தேய்ந்தது. அவர் படித்த "பெயர்க் குறிகள்" இருக்கும் இடத்தில் மற்றவர்களுக்கு வெறும் அலங்காரமே தெரிகிறது. அதே பல்கலைக்கழகத்தின் ஜான் கிளார்க் 1999இல் புதிய வரைபடத்தை வெளியிட்டு ஜேக்மன் வாசிப்பை மறுத்தார். மறுப்பு உள்ளிருந்தே வந்தது என்பதைக் காணொளிகள் சொல்வதில்லை.

நீங்களே சோதிக்கலாம். ஒரு கல்லை மட்டும் பார்க்காமல் இஸாபாவின் 25ஆம் கல்லையும், குவாத்தமாலாவின் சான் பார்த்தோலோ சுவரோவியத்தையும் (சுமார் கி.மு. 100) பக்கத்தில் வையுங்கள். மரமும் அதன்மேல் பெரும் பறவையும் அந்த வட்டாரத்தின் சொந்தத் தொன்மம் என்பது தெரிந்துவிடும்.

மார்மன் சபையைச் சேர்ந்த தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்குசன் 1952இல் 'நியூ வேர்ல்ட் ஆர்க்கியலாஜிகல் ஃபவுண்டேஷன்' தொடங்கியதே நேபியரைத் தேடத்தான். சியாபாஸின் சியாபா தெ கோர்சோவில் அருமையான அகழாய்வு செய்தார்கள். கி.மு. 36ஆம் ஆண்டு நீள்கணக்குத் தேதி (அந்த வட்டாரத்து நாள்காட்டி முறை) கொண்ட கல்லும் அங்கே கிடைத்தது. நேபியர் கிடைக்கவில்லை. ஃபெர்குசன் பிற்காலத்தில் நம்பிக்கையே இழந்தார்.

ஓடைமணல்:

நன்றி. "நேபியர் நாடு சிறு பகுதி மட்டும், தென் மெக்சிகோவின் தெஹுவாந்தெபெக் நிலஇடுக்கைச் சுற்றித்தான்" என்கிறார்களே?

நிலப்படம்:

ஜான் சோரென்சன் 1985இல் விரிவாக முன்வைத்த படம் அது. கண்டம் முழுவதும் நேபியர் என்ற பழைய கருத்தைவிட நாணயமான முயற்சி. ஆனால் நூலின் "ஒடுங்கிய கழுத்தை" ஒரு நேபியன் ஒன்றரை நாளில் கடப்பான். தெஹுவாந்தெபெக் குறுக்களவு சுமார் 200 கி.மீ. தவிர, நிலஇடுக்குக்கு இருபுறமும் இருப்பது கிழக்கும் மேற்கும். அதை நூலின் வடக்கு தெற்கு ஆக்க, திசைகளையே 60 பாகைக்கு மேல் திருப்ப வேண்டும்.

நேபியர் அழிந்ததாக நூல் சொல்லும் அந்தப் பத்தாண்டைப் பற்றி மாயாக்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கி.பி. 378 ஜனவரியில் (நீள்கணக்கில் 8.17.1.4.12) சியாஹ் காக் என்பவர் குவாத்தமாலாவின் மாயா நகரமான திகாலுக்கு வந்து சேர்ந்தார். மத்திய மெக்சிகோவின் பெருநகரமான தியோதிவாகானோடு தொடர்புடையவர். 379இல் யாஷ் நூன் அயின் திகாலின் அரியணை ஏறினார். 385க்குப் பிறகும் திகால் வளர்ந்துகொண்டே போகிறது. இந்தக் கல்வெட்டுகளில் நேபியர் பெயர் ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புச் சுதை விஷயத்தில் காணொளிக்காரர்கள் சொல்வது பொய்யில்லை. நூலில் சிமெண்ட் வீடு வருகிறது, மெசோஅமெரிக்காவில் (மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் சேர்ந்த பண்பாட்டு வட்டாரம்) சுதை இருந்தது. பல நாகரிகங்களில் இருந்த பொருள் என்பதால் எடை குறைவு.

லைடார்: வட குவாத்தமாலாவின் பெத்தேனில் 2,144 சதுர கி.மீ. பறந்து 61,480 கட்டட அமைப்புகள் எண்ணினார்கள். அதிலிருந்து மாயா தாழ்நிலத்துக்கு மதிப்பிட்ட 70 லட்சம் முதல் 1.1 கோடி மக்கள் கி.பி. 650–800 காலத்தவர், நேபியர் முடிவுக்கு 265 ஆண்டாவது பிந்தியவர். லேசர் மேட்டின் வடிவத்தைத்தான் தரும், தேதியைத் தராது. எந்த மேடு எந்தக் காலம் என்று தெரிய, அங்கே சோதனைக்குழி வெட்டி ஓடுகளைப் பொறுக்கியாக வேண்டும்.