கூரையில் ‘சுவர்’ அடிப்பது எப்படி? (கலைச்சொல் வேண்டும், அவசரம்)

மொழிபெயர்ப்பாளர்:
அன்பின் குழுவினருக்கு,
வீட்டை ஒட்டாமல் தனியே நிற்கும் கராஜுக்கு உட்கூரை அடித்து, அதன்மேல் வெப்பக்காப்பு நிரப்புவது பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை தர வேண்டும். ஜிப்சத்தின் இருபுறமும் காகிதம் ஒட்டிய பலகையை ‘உலர்சுவர்’ என்றே எழுதி வந்தேன். ‘உலர்சுவரைக் கூரையில் அடிக்கவும்’ என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. வேறு சொல் உண்டா?

தமிழாசிரியர்:
உலர்சுவர் வினைத்தொகை. ஒற்று மிகாமல் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உலர்ந்த, உலர்கின்ற, உலரும் சுவர் என்று முக்காலத்துக்கும் உலர்ந்துகொண்டே இருக்குமே! ‘கவிபலகை’ எனலாம். கவிதல் என்றால் மேலிருந்து மூடுதல். வானம் கவிகிறது, குடைக்குக் கவிகை என்று பெயர். ‘ஜ’ எதற்கு? கராஜிலும் அது வேண்டாம், கொட்டில் என்க.

கட்டடப் பொறியாளர்:
ஐயா, ஈரச் சாந்து பூசாமல் வேலை முடிவதால் வந்த ‘உலர்’ அது. பலகை உண்மையில் உலர்ந்ததே அல்ல. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் படிகநீர். தீப்பிடித்தால் அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை மறுபக்கம் அதிகம் சூடேறாது. வண்டியும் எரிபொருளும் இருக்கும் இடத்தில் இதை அடிப்பதற்கு அது ஒரு நல்ல காரணம்.

தடிமனும் முக்கியம். விட்டங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால், சாதாரண அரை அங்குலப் பலகை மேலே கிடக்கும் காப்பின் எடையில் நாளடைவில் தொய்ந்துவிடும். 5/8 அங்குலம் வேண்டும், அல்லது தொய்யாத வகை. படிப்பவர் இதைக் கேட்டு வாங்க வேண்டாமா? வேலைசெய்பவர்கள் சொல்வது ஜிப்சம் போர்டு. கவிபலகை என்று கேட்டால் கவிதை எழுதும் பலகையைக் கொடுப்பார்கள்.

ஈழத்து உறுப்பினர்:
பலகை இருக்கட்டும், ‘காப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘காப்பு நிரப்பும் முன் காப்புக் கண்ணாடி அணிக’ என்று எழுதினால் எது எந்தக் காப்பு? வெப்பமோ மின்சாரமோ கடத்தாததை நாங்கள் பாடசாலையில் ‘காவலி’ என்றே படித்தோம். ‘வெப்பக் காவலி’ குழப்பம் தராது.

மொழிபெயர்ப்பாளர்:
காவலி அழகாக இருக்கிறது. ஆனால் என் வாசகர் பலருக்குப் புதிது. கண்ணாடியைப் ‘பாதுகாப்புக் கண்ணாடி’ ஆக்கிவிட்டு, இங்கே ‘வெப்பக்காப்பு’ என்றே வைக்கிறேன். அடுத்து, அறையின் நீராவி வெப்பக்காப்புக்குள் ஏறாமலிருக்க வைக்கும் தாள். அதற்கு ‘ஆவித்தடுப்பு’ சரிதானே? பேயோட்டுவதுபோல் தொனிக்கிறதோ?

கட்டடப் பொறியாளர்:
பேய் பரவாயில்லை, ‘தடுப்பு’தான் தவறு. பாலித்தீன் தாள் நீராவியை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கும். கண்ணாடியிழைப் பஞ்சில் ஒட்டிவரும் பழுப்புக் காகிதம் அதன் வேகத்தைக் குறைக்க மட்டுமே செய்யும். உங்கள் கையேடு பேசுவது காகிதத்தை. குளிர்ப்பகுதியில் சூடேற்றும் கராஜ் என்றால் அது கீழே, வெதுவெதுப்பான பக்கம் வர வேண்டும். தலைகீழாக வைத்தால் உள்ளிருந்து ஏறும் ஈரம் பஞ்சுக்குள் சிக்கிக் குளிர்ந்து நீராகும். சூடேற்றாத கராஜுக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. ‘நீராவித் தணிப்பு’ என்று எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
தணிவது சினமும் தாகமும். நீராவியை மட்டுப்படுத்தத்தான் முடியும்.

ஈழத்து உறுப்பினர்:
காய்ச்சலும் தணிகிறதே, ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளிக்கிழமை. ஜிப்சம் பலகை, வெப்பக்காப்பு, நீராவித் தணிப்புத் தாள் என்று அனுப்புகிறேன். மூவர் ஒப்பினார்கள், அதில் நானும் ஒருவர். பலகைகளின் இடைவெளியை நாடா ஒட்டி மூடும் பசை மிச்சம் இருக்கிறது. ‘பட்டி’ என்று எழுதிவிடவா?

தமிழாசிரியர்:
‘ஜ’வுக்கு என் எதிர்ப்பைப் பதிவுசெய்க. பட்டி தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பார்கள், நான் ஏற்க மாட்டேன். தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

கட்டடப் பொறியாளர்:
ஐயா, வேண்டாம்.