கட்டைவிரல் வீக்கமும் நீர் மாத்திரையும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். போன வாரம் நள்ளிரவு இரண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு நெருப்பு வைத்ததுபோல் எரிய, விழித்துக்கொண்டேன். சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வையின் நுனி பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. மருத்துவர் பார்த்தவுடனே கவுட் (யூரிக் அமிலம் என்ற கழிவுப்பொருள் உடலில் கூடுவதால் வரும் மூட்டு நோய்) என்றார். இரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 8.9 மில்லிகிராம்.

எல்லோரும் "கறியைக் குறை" என்கிறார்கள். நான் மதுவைத் தொட்டதில்லை. இறைச்சி மாதம் ஒருமுறை சாப்பிட்டால் அதிகம். (எனக்கு உபதேசம் செய்பவர் வாரம் மூன்று நாள் ஈரல் சாப்பிடுகிறார்; அவருக்கு ஒன்றும் வரவில்லை!) படித்துப் பார்த்ததில், யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி உணவிலிருந்து அன்று, உடலுக்குள்ளேயே உருவாகிறது என்று தெரிந்தது. பெரும்பாலோருக்குச் சிக்கல், சிறுநீரகம் அதைப் போதிய அளவு வெளியேற்றாததுதான். அளவு 6.8-ஐத் தாண்டினால் மூட்டில் ஊசி போன்ற படிகங்களாக உறையத் தொடங்கலாமாம்.

என் சந்தேகம் வேறு. இரத்த அழுத்தத்துக்காக எட்டு மாதமாக ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்வது) எடுத்து வருகிறேன். இவ்வகை மாத்திரைகள் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியவை. அப்பாவுக்கும் இதே நோய் இருந்தது. என் எடையோ 92 கிலோ. இதில் எதைக் குற்றவாளி என்பது? தினமும் இரண்டு பாட்டில் இனிப்புக் குளிர்பானம் குடிப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையும் யூரிக் அமில அளவை ஏற்றுமாம்.

மருத்துவர் நீர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தபிறகு யாருக்காவது அளவு இறங்கியதா? எத்தனை நாளில்? நானாக எதையும் நிறுத்தப் போவதில்லை. வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே இந்தப் பதிவு.