எருமைத்தலை மேல் நிற்பவளை என்ன பெயரில் பதிவது?

வணக்கம்.

நாம் தயாரிக்கும் சிற்ப அட்டவணையில் துர்க்கைச் சிற்பங்கள் எல்லாவற்றையும் 'மகிஷாசுரமர்த்தினி' (எருமை அசுரனான மகிஷனைக் கொன்றவள்) என்றே போட்டுவிடலாம் என்ற யோசனை எனக்குச் சரிப்படவில்லை. மூன்று வேறு காட்சிகள் அந்த ஒரு பெயருக்குள் நசுங்குகின்றன.

மாமல்லபுரக் குகையில் நடப்பது போர். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு வரும் தேவி வில்லை வளைக்கிறாள், பூதகணங்கள் முன்னேறுகின்றன. எதிரே எருமைத்தலையும் மனித உடலுமாக அசுரன். கையில் கதை இருக்கிறது, தலைக்கு மேல் குடைகூடக் குறையவில்லை. பின்வாங்கச் சாய்கிறானே தவிர, சாகவில்லை. இந்தப் பல்லவச் சிற்பத்தின் அழகே முடிவைக் காட்டாமல் விட்டதுதான். இதற்கு 'மகிடப்போர்' போதும் (மகிடன் என்பது மகிஷனின் தமிழ் வடிவம்).

கர்நாடகத்து ஐகொளெ துர்க்கை கோயிலில் (கோட்டையை ஒட்டி வந்த பெயர், தேவியால் வந்ததல்ல) அசுரன் முழு எருமை. தேவி அவனைக் கொன்றுகொண்டிருக்கிறாள். அது 'மகிடவதை'. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

சிக்கல் மூன்றாவதில்தான். தஞ்சைப் பக்கத்துப் புள்ளமங்கைக் கோயிலில் சண்டையே கிடையாது. வெட்டுண்ட தலை பீடமாகிவிட்டது, அதன் மேல் தேவி சலனமில்லாமல் நிற்கிறாள். பக்கத்தில் சிங்கமும் மானும், கீழே தன்னையே பலியிடும் வீரன். சோழநாட்டுக் கோயில்களின் வடபுறக் கோட்டங்களில் (சுவர் மாடங்களில்) அடிக்கடி பார்க்கும் வடிவம் இது. சிலப்பதிகார வேட்டுவ வரியும் 'கானத்து எருமைக் கருந்தலைமேல் நின்றாயால்' என்று இந்த நிலையைத்தான் பாடுகிறது.

'கொற்றவை' என்று பதியலாம் என்றார்கள். மான் கொற்றவையின் ஊர்தி, அதைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கைகளில் சங்கும் சக்கரமும் இருக்கின்றனவே! கொற்றவையா, விஷ்ணு துர்க்கையா என்பது ஆய்வாளர் முடிவு. பதிவுப்பெயர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொன்னால் போதும். 'தலைநிலை' என்ற பரிந்துரையும் வேண்டாம், சிரசாசனம் நினைவுக்கு வருகிறது. நிகண்டு என்னும் பழைய சொற்பொருள் நூலில் வரும் 'மகிடற்செற்றாள்' (மகிடனை அழித்தவள்) காதுக்கு இனியது, ஆனால் மகிடவதைக் காட்சிக்கும் அதுவே பொருந்திவிடும்.

என் பரிந்துரை 'தலைமிசைத் தேவி'. சுருக்கமாக இருக்கிறது, 'தலைமிசைத் தேவியர்' என்று பன்மைக்கும் வளைகிறது. மிசை (மேல்) பழஞ்சொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கலைச்சொல்லுக்கு அது குறையல்ல.

அப்புறம், மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் உள்ளே நிற்பவளின் காலடியில் தாமரைதான், எருமைத்தலை இல்லை. அவளை இந்த மூன்றிலும் திணிக்காமல் வெறும் 'துர்க்கை' என்றே பதிவோம்.