நல்ல ஃபெல்ட் ஃபெடோரா, கட்டுப்படியாகும் விலையில்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் முதல் ஃபெடோரா, அதாவது சுற்றிலும் விளிம்பும் உச்சியில் மடிப்பும் உள்ள தொப்பி, ஒரே ஒரு மழையில் போய்விட்டது. பெரிய மழைகூட இல்லை, பத்து நிமிடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயவிட்டேன். மறுநாள் எடுத்துப் போட்டால் தலைக்குள் இறங்கவே இல்லை. விளிம்பு அலை அலையாக நெளிந்துகிடந்தது. ஆசை ஆசையாகத் தேடி வாங்கியது, மூன்று வாரம்தான் போட்டிருப்பேன். அந்த வருத்தத்தில்தான் ஃபெல்ட் என்றால் என்ன என்றே படிக்க ஆரம்பித்தேன். இப்போது என்னிடம் நான்கு ஃபெடோராக்கள் இருக்கின்றன. நான்கும் நல்லவை, ஒன்றுக்குக்கூட நான் பெரிய விலை கொடுக்கவில்லை.

அந்த முதல் தொப்பியின் லேபிளில் 'ஃபெல்ட்' என்று மட்டும் போட்டிருந்தது. இழைகளை நெய்யாமல், ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒன்றோடொன்று சிக்கவைத்தால் அது ஃபெல்ட். எந்த இழை என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பாலியஸ்டரிலும் ஃபெல்ட் உண்டு, ஆட்டுக் கம்பளியிலும் உண்டு, முயல் ரோமத்திலும் உண்டு. தொப்பியின் ஆயுள் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

நல்ல ஃபெடோராவுக்கு முயல், காட்டு முயல், பீவர் (நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு) போன்றவற்றின் அடி ரோமத்தை எடுப்பார்கள். மேலே தெரிகிற முரட்டு முடி உதவாது, அதற்குக் கீழே மெத்தென்று இருக்குமே, அதுதான். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கும். முதலில் தொப்பியைவிட மிகப் பெரிய கூம்பாக ரோமத்தைப் படியவைத்து, வெந்நீரில் திரும்பத் திரும்ப உருட்டிச் சுருக்குவார்கள். சுருங்கச் சுருங்கச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அவ்வளவு இறுகிய பிறகு மேலும் சுருங்க இடம் கொஞ்சம்தான் மிச்சம். அதனால்தான் நல்ல ரோம ஃபெல்ட் மெல்லியதாக இருந்தும் மழையைத் தாங்குகிறது. மலிவான கம்பளி ஃபெல்ட் இப்படி இறுகுவதில்லை. விறைப்புக்காகப் பசை ஏற்றியிருப்பார்கள். நனைந்தால் விறைப்பு போகும், கம்பளி சுருங்கும். என் தொப்பிக்கு நடந்தது அதுதான், ஹீட்டர் சூடு அதை இன்னும் கெடுத்தது.

இரண்டாவது தொப்பி பழைய பொருள் சந்தையில் கிடைத்தது. சாம்பல் நிறம். ரிப்பன் வெளுத்து, உச்சி நசுங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. எடை ஏறக்குறைய இல்லை. விளிம்பை விரலால் மடக்கி விட்டேன், கோடு விழாமல் தானாகத் திரும்பியது. மேல்பக்கம் தூசி இருந்தாலும் தடவும்போது ஒரு வழவழப்பு. உள்ளே நெற்றியைச் சுற்றிப் படிகிற தோல் பட்டை முழுசாக இருந்தது. வீட்டில் கெட்டில் ஆவியில் காட்டி உச்சியை உள்ளிருந்து தள்ளி, முன்பக்கம் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி வடிவம் கொடுத்தேன். ஆவியில் ஃபெல்ட் களிமண் மாதிரி இளகும், ஆறினால் அப்படியே நிற்கும். அந்தத் தொப்பிதான் இன்றுவரை நான் அதிகம் போடுவது.

பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கத்தை இதற்குப் பிறகு விட்டுவிட்டேன். இத்தாலியின் போர்சலினோ 1857-லும் அமெரிக்காவின் ஸ்டெட்சன் 1865-லும் தொடங்கிய தொப்பி நிறுவனங்கள், அவற்றின் மதிப்பு உண்மையானது. ஆனால் ஸ்டெட்சன் பெயரிலேயே கம்பளித் தொப்பியும் உண்டு, ரோமத் தொப்பியும் உண்டு. அமெரிக்கத் தொப்பிகளில் ஃபெல்ட்டின் தரத்தைக் காட்ட வருகிற 4 எக்ஸ், 10 எக்ஸ் குறிகளும் அப்படித்தான். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் அதற்கு இல்லை, ஒரு நிறுவனத்தின் எக்ஸை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஃபெல்ட் கூம்புகளைச் செய்யும் ஆலைகள் இன்று மிகச் சில. செக் நாட்டில் நோவி யிச்சீன் ஊரின் டோனாக், போர்த்துகலில் சாவோ ஜோவோ டா மடெய்ராவின் ஃபெப்சா போன்றவை பல நாட்டுத் தொப்பிக்காரர்களுக்குக் கூம்புகளை அனுப்புகின்றன. ஆகவே பெயர் தெரியாத ஒரு சிறு பட்டறையின் தொப்பியும் பிரபலமான ஒன்றும் ஒரே ஆலையின் ஃபெல்ட்டில் தொடங்கியிருக்கலாம். விற்பவரிடம் 'இது எந்த ரோமம், கூம்பு எங்கிருந்து வருகிறது' என்று கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் சந்தோஷமாகச் சொல்வார்.

உங்கள் கதைகளையும் எழுதுங்கள். எங்கே தேடினீர்கள், எதில் ஏமாந்தீர்கள்?

*

நீங்கள் சொன்ன அந்த 'பழைய தொப்பி' வழியைத்தான் நானும் ஆறேழு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் வாங்குவது எல்லாம் இணையத்தில். கையால் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் படத்தையும் சொற்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது மொழி. ஜெர்மன் விற்பனையாளர்கள் ரோம ஃபெல்ட்டை 'ஹார்ஃபில்ட்ஸ்' என்றும் கம்பளி ஃபெல்ட்டை 'வோல்ஃபில்ட்ஸ்' என்றும் எழுதுவார்கள். இத்தாலியில் 'ஃபெல்ட்ரோ டி பெலோ' என்றால் ரோமம், 'ஃபெல்ட்ரோ டி லானா' என்றால் கம்பளி. அந்தந்த மொழியில் தேடினால் வேறொரு உலகமே திறக்கிறது, போட்டியும் குறைவு. அமெரிக்கப் பழைய தொப்பிகளில் டாப்ஸ், நாக்ஸ், மேலரி ஆகிய பெயர்களைத் தேடிப் பாருங்கள். ஸ்டெட்சன் என்ற சொல்லுக்கு ஆட்கள் குவிவது மாதிரி இவற்றுக்குக் குவிவதில்லை, ஃபெல்ட்டோ பல சமயம் அதே தரம்.

விற்பவரிடம் எப்போதும் மூன்று படம் கேட்பேன். உள்ளே தோல் பட்டையைக் கீழே திருப்பி எடுத்த படம், அந்தப் பட்டையின் பின்பக்கத் தையல், அப்புறம் தொப்பியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து எடுத்த படம். மூன்றாவதுதான் முக்கியம். அந்துப்பூச்சியின் புழுக்கள் ரோமத்தைத் தின்னும். மேலே சின்னக் கீறல் மாதிரி தெரிவது வெளிச்சத்தில் ஓட்டை என்று தெரிந்துவிடும். மேலாகக் கடித்த தடம் மட்டும் என்றால் பரவாயில்லை, ஓட்டை என்றால் நான் விட்டுவிடுவேன். தோல் பட்டை காய்ந்து உடைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், தொப்பி பழுது பார்ப்பவர் புதுப் பட்டை தைத்துக் கொடுப்பார். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் பெரும்பாலும் புதுத் தொப்பியின் பாதியைத் தாண்டாது.

லேபிளில் இருக்கும் அளவை நம்பாதீர்கள். தோல் பட்டை வருடக்கணக்கில் சுருங்கியிருக்கும். உள்ளே டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முன்பு ரோமம் நன்றாகக் கவ்வுவதற்காகப் பாதரச நைட்ரேட் பூசுவார்கள். ரோமத்தின் நுனி ஆரஞ்சு நிறமாவதால் அந்த வேலைக்குக் 'கேரட்டிங்' என்று பெயர். தொழிலாளர்கள்தான் அதில் மிகவும் பாதிக்கப்பட்டார்கள். தொப்பித் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்காவின் டான்பரியில் பாதரச விஷத்தால் வந்த கை நடுக்கத்தை 'டான்பரி நடுக்கம்' என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரோடு ஃபெல்ட் தொழிலில் பாதரசத்துக்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய தொப்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் தினமும் போட நான் வாங்குவதில்லை.

*

எனக்கு நடந்தது அளவுச் சிக்கல். டேப்பை நெற்றியில் மிக மேலே வைத்து அளந்து 57 சென்டிமீட்டர் என்று முடிவு செய்தேன். வந்த தொப்பி அரை மணி நேரத்தில் தலைவலி கொடுத்தது. காதுக்குச் சற்று மேலே, நெற்றியின் நடுவில், பின்தலையின் புடைப்பைச் சுற்றி அளக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. சரியாக அளந்தபோது 58. அது அமெரிக்க அளவில் 7¼, பிரிட்டிஷ் அளவில் 7⅛. இந்த வித்தியாசம் தெரியாமல் மறுபடியும் ஒரு பிரிட்டிஷ் தொப்பியில் 7¼ கேட்டுவிடப் பார்த்தேன், கடைசி நிமிடத்தில் தப்பித்தேன்.

இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் பெரியதை எடுங்கள். தோல் பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப் பட்டையைச் செருகினால் கச்சிதமாகிவிடும். சிறியதை இழுத்துப் பெரிதாக்குவது கொஞ்சம்தான் முடியும்.

*

ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்தும் எழுதுகிறேன். ஃபெடோரா என்ற பெயரே 1882-இல் பாரிஸில் அரங்கேறிய விக்டோரியன் சார்டூ என்ற பிரெஞ்சு நாடகாசிரியரின் 'ஃபெடோரா' நாடகத்திலிருந்து வந்தது. இளவரசி ஃபெடோராவாக நடித்தவர் பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட். அதன் பிறகு முதலில் பெண்கள்தான் இந்தத் தொப்பியைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இதை எனக்குச் சொன்னது ஒரு தொப்பிப் பட்டறைப் பாட்டி. கடைகளில் பெண்கள் பகுதியில் எனக்குக் கிடைத்ததெல்லாம் மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், உள்ளே தோலுக்குப் பதில் ஒரு துணிப் பட்டை. ஒரு நாள் எரிச்சலில் ஆண்கள் பகுதிக்குப் போய் 56 அளவு கேட்டேன். அதே கடையில், ஏறக்குறைய அதே விலையில், முயல் ரோமத் தொப்பி இருந்தது. போன வருட நிறம் என்று தள்ளுபடியில் வைத்திருந்தார்கள். ஐந்து வருடமாகப் போடுகிறேன். சீசன் முடியும் சமயத்தில் போங்கள், அடர்பச்சை, செம்மண் நிறம் போன்றவைதான் மிஞ்சியிருக்கும். எனக்கு அவைதான் பிடிக்கும்.

*

எல்லோரும் கம்பளியைக் கைவிட்டுவிட்டீர்களே! நான் மாணவன், ரோம ஃபெல்ட் வாங்கும் நிலையில் இல்லை. பழைய தொப்பிகளில் என் அளவு, 61, கிடைப்பதே இல்லை. 'நூறு சதவீதம் கம்பளி' என்று தெளிவாக எழுதிய, மடித்துப் பையில் வைக்கக்கூடிய வகை ஒன்று வாங்கினேன். விளிம்பு சுமார் 6 சென்டிமீட்டர். விறைப்பு குறைவு, ஆனால் அதனால்தான் கெட்டுப்போகவும் அதிகம் இல்லை. நனைந்தால் தோளுக்குமேல் ஒரு உதறு, அப்புறம் உள்பட்டையை வெளியே திருப்பி அறையிலேயே காயவிடுவேன். மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. விலைக்கு ஏற்ற தொப்பி என்று மனதாரச் சொல்வேன்.

*

தலைப்பைத் தொடங்கியவன்தான் மறுபடியும். தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். நான் கம்பளி வேண்டாம் என்று சொன்ன மாதிரி எழுதிவிட்டேன், அது தவறு. விறைப்பாகத் தெரிய வேண்டும் என்று பசை ஏற்றிய கம்பளியிலிருந்துதான் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது. கம்பளி என்று நேர்மையாக எழுதி, மென்மையாகவே விட்ட தொப்பி வேறு வகை. 61 அளவுக்கு ஆஸ்திரேலியாவின் அகூப்ரா நிறுவனத் தொப்பிகளைப் பழைய தொப்பிகளில் தேடிப் பாருங்கள். அவை முயல் ரோமத்தில் செய்தவை, பெரிய தலை அளவுகளிலும் வருபவை.

தொப்பியை எடுக்கும்போது எல்லோரும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். உச்சியின் மடிப்பைக் கிள்ளித் தூக்கிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். என் சாம்பல் தொப்பியில் இப்போது அங்கே ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. இந்த வாரம் அதைப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோகிறேன். உள்பக்கம் ஒட்டுப் போட முடியுமா என்று கேட்டுவந்து எழுதுகிறேன்.