மறு: நின்ற எஞ்சினின் அடியில் எண்ணெய் சேர்வதற்குக் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களைச் சீர்செய்யும் பயிற்சிக் கையேட்டில் எண்ணெய்ச் சுற்றோட்டம் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கிவிடும் கோளாற்றைக் குறிக்கும் ‘வெட் சம்பிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் முடிவாகாமல் அது நிற்கிறது. இதுவரை ஈரத்தொட்டி நிலை, ஊறல், வடிதேக்கம் ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. பட்டறை நண்பரோ, ‘ஆயில் எறங்கிடுச்சு’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், அதையே எழுதினால் என்ன என்று கேட்டிருந்தார். அவருடைய கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன்.

நிகழ்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960-களின் டிரயம்ப் இரட்டை உருளை எஞ்சின்கள், 1967-இல் அறிமுகமான நார்ட்டன் கமாண்டோ முதலியவற்றில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். ஊட்டு பம்ப் அதை அழுத்தத்துடன் கிராங்க்கிற்கு (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் வளைந்த தண்டுக்கு) அனுப்ப, கீழே வழிந்து சேர்வதை மீட்பு பம்ப் உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பும். மீட்பு பம்ப்பின் கொள்ளளவு ஊட்டு பம்ப்பினுடையதைவிடக் கூடுதல் என்பதால், ஓடும் எஞ்சினின் அடியில் எண்ணெய் அதிகம் தங்காது. வண்டி நாட்கணக்கில் நிற்கும்போது, தேய்ந்த பம்ப் பற்சக்கரங்களின் இடுக்கு வழியாகவோ, தூசு சிக்கிச் சரியாக அமராத குண்டு வால்வு வழியாகவோ, தொட்டி எண்ணெய் தன் எடையாலேயே கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு கிளப்பினால் கிராங்க் அந்த எண்ணெயை அலைத்து உருளைச் சுவரில் வாரியடிக்க, பிஸ்டன் வளையங்கள் அதை வழித்துத் தீர்க்க முடியாமல் நீலப் புகை கிளம்புகிறது. கிராங்க் அறையின் காற்றை வெளியேற்றும் மூச்சுக்குழாயிலும் எண்ணெய் கொட்டுகிறது.

ஈரத்தொட்டி என்பதை உடனே விலக்கிவிடலாம். எண்ணெய் அடியிலேயே தங்கும்படி வடிவமைத்த எஞ்சின் வகைக்கு அந்தச் சொல் தேவைப்படும். ஒரு வகையின் பெயரையே இன்னொரு வகையின் கோளாறுக்கும் இட்டால் மாணவர் குழம்புவார். ஊறல் என்பதற்குப் பேராசிரியர் அம்மையார் குறளின் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’யைச் சான்று காட்டினார். அழகான சான்றுதான், ஆனால் மணற்கேணியில் தோண்டத் தோண்ட நீர் உள்ளிருந்து சுரக்கிறது, இங்கோ எண்ணெய் மேலிருந்து கீழே வருகிறது. கிராங்க்கிற்கு ‘வணரி’ என்பதை நிறுவ அவர் புறநானூற்றின் ‘வணர்கோட்டுச் சீறியாழ்’ வரை சென்றதையும் ஆர்வத்துடன் படித்தேன். வளைந்த தண்டுக்கு அது பொருந்துகிறது, எனினும் அதைத் தனி இழையில் பேசுவோம். வடிதேக்கம் நல்ல வினைத்தொகை. ஆனால் வெள்ளம் வடிந்தது என்றால் நீர் குறைந்தது என்றே யாரும் கொள்வர். வடிவது தொட்டியில், தேங்குவது கிராங்க் அறையில் என்று இரண்டு இடங்களை ஒரே சொல்லுக்குள் மாணவர் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது வேறு. பட்டறைப் பேச்சில் ஒரே பெயரால் சுட்டப்படுபவை இரண்டு கோளாறுகள். நின்ற வண்டியில் எண்ணெய் இறங்குவது ஒன்று. ஓடும்போதே மீட்பு பம்ப் இழுக்கத் தவறி அடியில் சேர்வது மற்றொன்று. இதற்கு அடைபட்ட வடிகட்டி, உறிஞ்சும் பாதையில் காற்றுக் கசிவு, தேய்ந்த பம்ப் முதலியவை காரணமாகலாம். புகை இரண்டிலும் ஒன்றே. பரிசோதனைதான் பிரித்துக் காட்டும். சற்று நேரம் ஓட்டி நிறுத்திய உடனே கிராங்க் அறையின் அடித்திருகைக் (எண்ணெய் வடிக்கும் திருகை) கழற்றினால், முதல் கோளாறில் சிறிதளவே வடியும், இரண்டாவதில் நிறைய வடியும். தொட்டிக்குள் திரும்பும் எண்ணெயையும் பார்க்க வேண்டும்: அடியில் சேர்ந்தது தீரும்வரை அது ஒரே ஒழுக்காக வரும், தீர்ந்தபின் காற்றுடன் கலந்து விட்டுவிட்டு வரும், மீட்பு அறவே நின்றிருந்தால் ஒன்றும் வராது. நின்ற வண்டியில் தொட்டி குறைந்திருப்பதைப் பார்த்து மேலும் ஊற்றிவிடுபவர்களும் உண்டு. இறங்கிய எண்ணெய் திரும்பியதும் தொட்டி நிரம்பி வழியும்.

பிரித்தறியாதவர் ஊட்டுக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைப் பொருத்திவிடுகிறார். இரண்டாவது கோளாற்றை அது தொடுவதே இல்லை. வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் பிக் எண்டுக்கு (பிஸ்டன் தண்டு கிராங்க்குடன் இணையும் இடத்துக்கு) எண்ணெய் கிடைக்காமல் எஞ்சினே இறுகிவிடும். ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். முன்னதற்கு இறக்கத்தேக்கம், பின்னதற்கு மீளாத்தேக்கம் என்று பரிந்துரைக்கிறேன்.

அன்புடன்,
கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

* * *

பேராசிரியர் எழுதியது:

இரண்டு கோளாறுகள், இரண்டு சொற்கள் என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். இறக்கம் என்றால் சாலைச் சரிவும் நினைவுக்கு வரும். இறங்குதேக்கம் என்று வினைத்தொகையாக்கினால் பட்டறைச் சொல்லும் உள்ளே நிற்கும், வல்லினமும் மிகாது. மீளா என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக இலக்கணம் சரியே. ஆனால் மீளாத் துயில் என்று சாவைச் சொல்லிப் பழகிய மொழியில், மீளாத்தேக்கம் என்று படிக்கும் மாணவர் எஞ்சினே இனித் தேறாது என்று எண்ணக்கூடும். மீட்புக்குறைத் தேக்கம் என்பதே பிழையற்றது.

* * *

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

இறங்குதேக்கம் அப்படியே கையேட்டில் சேர்கிறது. பட்டறை நண்பரும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து ஒப்பினார். மற்றதில் மீட்புக்குறைத் தேக்கம் நீளமாக இருக்கிறது, சத்தமான பட்டறையில் வாயில் நுழையாது என்று அவரும் இன்னும் மூவரும் மீளாத்தேக்கத்தின் பக்கம் நிற்கிறார்கள். வேறு எவரும் எழுதாததால் அதுவே அச்சுக்குப் போகும். எண்ணெய்தான் மீளவில்லை, எஞ்சின் மீளும் என்று முதல் இடத்திலேயே விளக்கிவிடுகிறேன். அம்மையாரின் மறுப்பைச் சொற்பட்டியலில் அந்தச் சொல்லுக்குக் கீழேயே அச்சிடுகிறோம். அடுத்த பதிப்புக்குள் இதைவிடக் குறுகிய சொல் யாருக்கேனும் கிடைத்தால் எழுதுங்கள்.