இரண்டு தடவை திரும்பி வந்த நாய்க்கு மூன்றாவது வீடு தேடுகிறேன், வழி சொல்லுங்கள்

ஞாயிறுநடை:

எல்லாருக்கும் வணக்கம். வாரம் ஒருநாள் ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போய் உதவுகிறேன். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது, நாய்களைக் கயிறு கட்டி நடக்கக் கூட்டிப்போவது, அவ்வளவுதான். பெரிய அனுபவம் கிடையாது, அதனால் கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே கருவாயன் என்று ஒரு நாய். உடம்பெல்லாம் பழுப்பு, மூஞ்சி மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்த மாதிரி. வயது ஐந்து இருக்கலாம் என்கிறார்கள். வந்து 14 மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு வீட்டுக்குப் போய் இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டான். முதல் வீட்டில் ஐந்தே நாள்: "சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை, எங்களோடு ஒட்டவே இல்லை" என்றார்கள். இரண்டாவது வீட்டில் மூன்று வாரம் இருந்தான், அங்கே குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டபோது உறுமியிருக்கிறான். கடிக்கவில்லை, உறுமினான், அவ்வளவுதான். இப்போது அவன் அட்டையில் "கோபக்காரன், குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது" என்று எழுதி மாட்டியிருக்கிறது. அதைப் படித்ததும் ஆட்கள் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

என்னால் முடிந்தது, இணையத்தில் பதிவு போட்டேன். கம்பிக்குப் பின்னால் அவன் நிற்கிற படம், கீழே "யாருமில்லாத இந்த ஜீவனுக்கு உங்கள் மனதில் இடமில்லையா?" என்று. 200 பேருக்கு மேல் இதயம் போட்டார்கள், ஒருவர்கூட போன் செய்யவில்லை. எப்படி எழுதினால் வருவார்கள்? இவன் உண்மையிலேயே கோபக்காரன்தானா? என் வீட்டில் ஏற்கெனவே பத்து வாரக் குட்டி ஒன்று இருப்பதால் நானே எடுத்துக்கொள்ளவும் முடியாது.

கூண்டுக்குவெளியே:

தத்துக் கொடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன், கொஞ்சம் நேரடியாகவே சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிவில் கருவாயனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள் வருத்தம்தான் இருக்கிறது. பரிதாபப்பட்டவர்கள் இதயம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாயைத் தன் வீட்டில் கற்பனை செய்து பார்க்க முடிந்தவர்தான் போனை எடுப்பார். கயிற்றை இழுப்பானா, காரில் ஏறுவானா, தனியாக விட்டால் குரைப்பானா, மற்ற நாயைக் கண்டால் என்ன செய்வான், கழிவுக்கு வெளியே போகத் தெரியுமா, இதெல்லாம் தெரியாமல் யார் வருவார்கள்?

படம் முதலில். கம்பி தெரியவே கூடாது. வெளியே கூட்டிப்போய் ஒரு சுற்று நடந்து, முதல் பரபரப்பு அடங்கி, வாய் லேசாகத் திறந்திருக்கும்போது எடுங்கள். நீங்கள் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், கேமரா அவன் கண் மட்டத்தில் இருக்கட்டும், மேலிருந்து எடுத்தால் எந்த நாயும் குற்றவாளி மாதிரிதான் தெரியும். கறுத்த முகம் என்கிறீர்கள், அதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். வெளிச்சமான பின்னணியில் முகம் வெறும் இருட்டாகிவிடும், கண்ணே தெரியாது. நிழலில் நிறுத்தி, போன் திரையில் அவன் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கண்ணில் ஒரு புள்ளி ஒளி விழுந்தால் போதும். கூடவே 20 வினாடி வீடியோ, பாட்டெல்லாம் வேண்டாம், அவன் நடப்பது தெரிந்தால் சரி.

உறுமியதை மறைக்காதீர்கள். மறைத்துக் கொடுத்த நாய்தான் திரும்பி வரும். ஆனால் "கோபக்காரன்" என்று எழுதுவதும், "கழுத்தைக் கட்டிக்கொண்டபோது உறுமினான், கடிக்கவில்லை" என்று எழுதுவதும் ஒன்றில்லை. முன்னது தீர்ப்பு, பின்னது நடந்தது. நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம், காப்பகம் சம்மதித்தால் இரண்டு நாளாவது யாராவது வீட்டில் தங்கவைத்துப் பாருங்கள். நாற்பது நாய் குரைக்கிற இடத்தில் ஒரு நாய் எப்படி இருக்கிறது என்பதை வைத்து அதன் குணத்தைச் சொல்லவே முடியாது.

நேர்பட:

திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் இனி எந்த விலங்கும் தரக்கூடாது. துணிக்கடையில் அளவு சரியில்லை என்று மாற்றுகிற மாதிரியா? ஐந்து நாளாம்!

ஊசிமருந்து:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கழுத்தைக் கட்டியபோது உறுமினான் என்று படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எந்தப் பக்கம்? யாராவது அவன் காதைப் பார்த்தார்களா? நாயின் காதுக்குழாய் நம்முடையது மாதிரி நேராகப் போவதில்லை, கீழே இறங்கி அப்புறம் உள்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு அப்பால் சீழ் பிடித்திருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஆகவே மோந்து பாருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன், இரண்டு காதையும் தனித்தனியாக. ஒன்றில் மட்டும் புளித்த நாற்றம் அடித்தால் விஷயம் இருக்கிறது. தலையை அடிக்கடி உதறுகிறானா, ஒரு பக்கமாகச் சாய்க்கிறானா, காதின் அடிப்பகுதியை லேசாகத் தொட்டால் விலகுகிறானா என்றும் கவனியுங்கள். ஒரு பக்கமாகவே மெல்லுகிறான் என்றால் உடைந்த பல் இருக்கலாம். ஐந்து வயதில் மூட்டு வலியும் இருக்கலாம். ஈறு வெளிறியிருந்து, சோர்வாகவும் காய்ச்சலாகவும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

காதுக்கு நீங்களாக எந்தச் சொட்டு மருந்தும் விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் உள்ளே போய்க் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். டாக்டர் கருவி வைத்து உள்ளே பார்த்த பிறகுதான் மருந்து.

உறுமலுக்கு யாரும் திட்டியிருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். உறுமுவது எச்சரிக்கை. எச்சரிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுத்தால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்.

இன்னொன்று, போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள், எனக்குத்தான் பதறுகிறது: வீட்டில் பத்து வாரக் குட்டியா? காப்பகத்துக்குப் போட்டுப்போன செருப்போடு வீட்டுக்குள் போகிறீர்களா? குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில், தோதான இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆல்கஹால் கைகழுவி அதை ஒன்றும் செய்யாது. முதலில் அழுக்கைக் கழுவித் தள்ளிவிட்டு, வெளுப்பு நீர் (ப்ளீச்) ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். ஒன்று போட்டாயிற்று, போதும் என்று இருந்துவிடாதீர்கள். காப்பகத்துக்கென்று தனிச் செருப்பு, தனி உடை வைத்துக்கொள்ளுங்கள், வந்ததும் குளித்துவிட்டுக் குட்டியைத் தொடுங்கள்.

ஞாயிறுநடை:

செருப்பு விஷயம் சத்தியமாகத் தெரியாது. இன்றே மாற்றிவிட்டேன்.

காது... இடது பக்கம்தான்! நடந்து முடித்து வந்ததும் இடது கன்னத்தைச் சுவரில் வைத்து நீளமாக உரசிக்கொண்டே போவான், சுகமாகச் சொறிந்துகொள்கிறான் என்று நினைத்து நான் சிரித்து வீடியோ எல்லாம் எடுத்திருக்கிறேன். இன்று மோந்து பார்த்தேன். வலது காதில் வெறும் நாய் வாசனை. இடதில் மூக்கை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். காப்பகத்தில் சொல்லிவிட்டேன், டாக்டர் வருவார்.

கயிறுகட்டியவன்:

நேர்பட அவர்களுக்கு: நானும் ஒரு நாயைத் திருப்பிக் கொடுத்தவன்தான். நாலாவது நாள். கூட்டி வந்த அன்றே குளிப்பாட்டி, உறவுக்காரர்களை எல்லாம் வரச்சொல்லி, ஆளாளுக்குத் தூக்கி, படம் எடுத்து... அது கட்டிலுக்கு அடியில் போனது, வெளியே வரவே இல்லை. எங்களைப் பிடிக்கவில்லை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். அது பயம் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. என்னைத் தடைப்பட்டியலில் போட்டிருந்தால் இப்போது என் காலடியில் தூங்குகிற கிழட்டு நாய்க்கு வீடு கிடைத்திருக்காது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்று அதற்குத் தோன்றும். விதி இல்லை, தோராயம், சிலதுக்கு ஒரு வருடமும் ஆகும். அந்தக் கணக்குப்படி கருவாயனின் முதல் வீட்டுக்காரர்கள் திகைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்து யார் வந்தாலும் கையெழுத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள்: முதல் வாரம் விருந்தாளி வேண்டாம், குளியல் வேண்டாம், ஒரே ஒரு மூலையைப் பழக்குங்கள், தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாடு, நடை. காப்பகத்தில் என்ன தின்றானோ அதையே கேட்டு வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வந்து அதையும் நோய் என்று திருப்பிக் கொடுப்பார்கள். வாசல் கதவு கவனம். புதிதாக வந்த நாய் பயத்தில் ஓடிவிட்டால் எங்கே திரும்பி வருவது என்றே அதற்குத் தெரியாது. தோலுக்கு அடியில் வைக்கிற மைக்ரோசிப் இருக்கிறதே என்பார்கள், அது இடத்தைக் காட்டாது, அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு எதிரே பழைய வீட்டுக்காரரின் போன் நம்பரே கிடந்தால் என்ன பயன்? எனக்கு அப்படித்தான் இருந்தது, தற்செயலாகப் பார்த்து மாற்றினேன்.

ஞாயிறுநடை:

டாக்டர் பார்த்துவிட்டார். இடது காதில் உள்ளே ஆழத்தில் பழைய தொற்று, மாதக்கணக்கில் இருந்திருக்கலாம் என்றார். செவிப்பறை தப்பித்துவிட்டது. பின்பக்கம் ஒரு பல்லும் உடைந்திருக்கிறது. சிகிச்சை ஆரம்பித்தாயிற்று.

புதுப் பதிவு போட்டேன், இந்தத் தடவை உரசுகிற சுவர், காது, உறுமல் எல்லாம் சேர்த்து. மூன்று அழைப்பு வந்தது. அதில் ஒரு தம்பதி பொருத்தமாகத் தெரிகிறார்கள், குழந்தை இல்லை, அவசரப்படவில்லை. ஆனால் ஒரு பூனை இருக்கிறதாம். முடியுமா?

மீசைக்காரி:

அப்பாடா, கடைசியில் ஒரு பூனை வந்தது, இல்லையென்றால் இந்தப் பக்கம் எட்டியே பார்த்திருக்க மாட்டேன்.

முடியும், ஆனால் பூனையின் வேகத்தில். முதல் சில நாள் இரண்டும் முகத்தையே பார்க்கக் கூடாது. பூனைக்குத் தனி அறை, அதன் மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு எல்லாம் அங்கேயே. இவன் படுத்த துணியை அங்கே, அதன் துணியை இங்கே. அப்புறம் மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு. பிறகுதான் பார்வை, நடுவில் தடுப்பு, நாய் கயிற்றில். கருவாயன் பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பினால் நல்லது. உடம்பு விறைத்து, இமைக்காமல் வெறித்துப் பார்த்து, கையில் தின்பண்டம் நீட்டினாலும் கண்டுகொள்ளாமல் நின்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். பூனை ஏறிக்கொள்ள உயரமான இடம் கட்டாயம் வேண்டும்.

பூனை வருத்தத்தில் சாப்பிடாமல் இருந்தால் "பசித்தால் தின்னும்" என்று விடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். ஆண் பூனையாக இருந்து, தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மறுநாள் காலைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கருவாயனுக்கு உண்ணிக்காக முதுகில் விடும் மருந்தில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனைக்கு விஷம். ஈரம் காயாத நாயின் மேல் உரசினாலே வலிப்பு வரலாம். பூனை உள்ள வீட்டுக்கு வேறு மருந்து தரச்சொல்லி டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறுநடை:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காது குணமாகிவிட்டது, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அட்டையில் இருந்த "கோபக்காரன்" என்பதை அடித்துவிட்டு என்ன நடந்தது என்று மட்டும் எழுதினோம். காப்பகத்தில் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் சரி என்றார்கள்.

அந்தத் தம்பதி அவனை இரண்டு வாரம் தங்கவைத்துப் பார்க்கிறோம் என்று கூட்டிப்போயிருக்கிறார்கள். போய் நாலு நாள் ஆகிறது. முதல் இரவே எனக்குச் செய்தி: "சோபாவுக்குப் பின்னால் படுத்திருக்கிறான்." எனக்கு வயிற்றைக் கலக்கியது. கயிறுகட்டியவன் எழுதியதை அப்படியே அனுப்பிவைத்தேன், இழுக்காதீர்கள், தண்ணீரை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள் என்று. இரண்டாம் நாள் காலை கிண்ணம் காலியாக இருந்ததாம். இன்று ஒரு படம் வந்திருக்கிறது. சோபாவின் ஓரத்தில் கறுப்பு மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, எதிரே தடுப்புக்கு அந்தப் பக்கம் அலமாரி உச்சியில் பூனை உட்கார்ந்து முறைக்கிறது.