காமராஜர்: எங்கள் வீட்டில் ஒரு வட்டில்

காமராஜரை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் பார்த்ததில்லை. 1975 அக்டோபர் 2 அன்று அவர் இறந்தபோது நான் பிறக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த காமராஜர் அப்பா வழியாக வந்தவர், அதுவும் கொஞ்சம் சங்கடமான வழி.

எங்களுக்கு விருதுநகர். அப்பா பிறந்தது 1945. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தபோது அவருக்குப் பத்துப் பதினொரு வயது. அதற்கு முன்னால் மத்தியானம் மணி அடித்ததும், சாப்பிட வீட்டுக்குப் போவதுபோல் போய்க் கிணற்றடியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளில் அப்பாவும் ஒருவர். சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து வட்டில் கொண்டுபோக வேண்டும், மாறிவிடக் கூடாதே என்று அலுமினிய வட்டிலின் அடியில் ஆணியால் கீறி வைத்திருந்தாராம்.

அதே அப்பா 1967இல் தன் முதல் ஓட்டைக் காமராஜருக்கு எதிராகப் போட்டார். விருதுநகரிலேயே, சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம், 1285 ஓட்டில் காமராஜர் தோற்றார். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பிறகு இந்திரா என்று இரண்டு பிரதமர்கள் வர முன்னால் நின்றவர், சொந்த ஊரில்! அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கோபம் ஆறவில்லை, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று எதிர்த்தரப்பில் பேச்சு, இருபத்தொரு வயதுப் பையன் வேறெங்கே போவான்? அதை வீட்டில் பெருமையாகச் சொல்லியும் விட்டார். முடிவு வந்த ராத்திரி பாட்டி அந்தப் பழைய வட்டிலைத் தேடி எடுத்து அவர் முன்னால் வெறுமையாக வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

★

உங்கள் ஊர் தோற்கடித்தவரை எங்கள் ஊர் ஜெயிக்க வைத்தது, 1969 நாகர்கோவில் இடைத்தேர்தலில். தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். பேசியது ஒன்றும் நினைவில்லை, சின்னப் பையன். தொளதொளவென்று நீளமான அரைக்கைக் கதர்ச் சட்டையும் அந்த உயரமும்தான் கண்ணில் நிற்கிறது.

★

சின்னத் திருத்தம், சண்டைக்கு இல்லை. பள்ளியில் மதிய உணவை முதலில் கொண்டுவந்தது காமராஜர் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 1920லேயே நீதிக்கட்சிக்காரர்கள் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிவிட்டார்கள். அதை மாநிலம் முழுக்கக் கிராமம் வரை கொண்டுபோனது காமராஜர், எனக்கு அதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் இருந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு மேல் முதல்வராக இருந்தவர், வாடகை வீடு. சாகும்போது கையில் எவ்வளவு இருந்தது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த வீட்டைப் பார்த்ததே போதும்.

★

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஓட்டுப் போட்டது தப்பில்லை, அன்றைக்கு அரிசி இல்லை என்று இன்னமும் சாதிக்கிறார். நாகர்கோவிலில் அவர் ஜெயித்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, பரணில் ஏறி வட்டில் கிடக்கிறதா பார் என்றார்.